கேபிளை விட்ட பின் டிவி நிகழ்ச்சிகளை எதில் பதிந்து வைப்பது?

அமெரிக்காவில் கேபிள் இணைப்பை நிறுத்த நினைக்கும் குடும்பங்கள் முதலில் கணக்குப் பார்ப்பது சேனல்களைத்தான். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வாரம் வந்த பிறகே அடுத்த கேள்வி தலைதூக்குகிறது: எட்டு மணிக்கு வருவதைப் பதிந்து வைத்து, பிள்ளைகள் உறங்கிய பின் பத்து மணிக்கு விளம்பரங்களைத் தாண்டிப் பார்க்கும் வழக்கத்துக்கு இனி என்ன வழி? நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் டெக்சஸில் இருப்பவர்களும் இதை வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். முன்பென்றால் டிவோ என்ற பதிவுப் பெட்டியை வாங்குங்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 1999 மார்ச் இறுதியில் முதல் பெட்டியை விற்பனைக்கு அனுப்பி இந்த வழக்கத்தைப் பரவலாக்கிய அந்த நிறுவனம், 2025 அக்டோபர் 1 முதல் பெட்டிகள் விற்பதை நிறுத்திக்கொண்டது.

இன்று எஞ்சியிருப்பவை நான்கு வழிகள். கேபிள் அல்லது சாட்டிலைட் நிறுவனம் தரும் பதிவுப் பெட்டியிலேயே தொடர்வது. யூடியூப் டிவி, ஹுலு போன்ற இணையச் சேவைகளின் கிளவுட் பதிவுக்கு மாறுவது. ஆன்டெனா பொருத்தி, டேப்லோ போன்ற தயார்நிலைப் பெட்டியில் பதிவது. ஆன்டெனாவோடு எச்டிஹோம்ரன் ட்யூனரை (ஆன்டெனாவிலிருந்து சேனலைப் பிடித்துத் தரும் கருவி) இணைத்து, சொந்தக் கணினியில் பிளெக்ஸ் அல்லது சேனல்ஸ் மென்பொருள் கொண்டு பதிவது. கீழே வரும் விலைகள் 2025 இறுதி நிலவரம். வாங்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பதிந்த நிகழ்ச்சி எங்கே இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. எந்த விலைப்பட்டியலிலும் இது இடம்பெறாது. ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகள் மாவட்ட அளவிலான ஸ்பெல்லிங் பீ போட்டியில் வென்றபோது உள்ளூர்ச் செய்தியில் வந்த இரண்டு நிமிடக் காட்சியைப் பதிவுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பெட்டி பழுதானது, நிறுவனத்தார் மறுநாளே புதிய பெட்டி தந்து, பழையதை எடுத்துச் சென்றுவிட்டார்கள். காட்சியும் அதோடு போயிற்று. பதிவைச் சேமிக்கும் வட்டைக் (ஹார்ட் டிஸ்க்) கழற்றி வேறு கணினியில் மாட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இத்தகைய பெட்டிகளில் பதிவு பூட்டிய வடிவில், அந்த ஒரு பெட்டியில் மட்டுமே திறக்கும்படி எழுதப்படுகிறது.

இரண்டாவது, உங்கள் வீட்டில் உண்மையில் பார்க்கப்படும் சேனல்கள். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் ஆகியவை காற்றில் இலவசமாக வருகின்றன. சூப்பர் பவுல் உட்பட அமெரிக்கக் கால்பந்தின் பெரும்பகுதி இவற்றில்தான் வருகிறது. ஈஎஸ்பிஎன், சிஎன்என், கிரிக்கெட்டுக்கான வில்லோ முதலியவை ஆன்டெனாவில் ஒருநாளும் வரா. ஒரு மாதம் வீட்டில் எந்தச் சேனல் எத்தனை முறை ஓடுகிறது என்று குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டிக் குறித்துப் பாருங்கள். இருநூறு சேனலுக்குக் கட்டணம் கட்டும் வீட்டில் பார்க்கப்படுவது பெரும்பாலும் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது, மூன்றாண்டுக்கான மொத்தச் செலவு. மாதக் கட்டணத்தையும் ஒருமுறை விலையையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. மூன்று ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே தராசில் ஏறும்.

நான்காவது, விளம்பரங்களைத் தாண்ட முடியுமா என்பது. பதிவு வசதியைத் தேடுவோரில் பலரின் உண்மையான நோக்கம் இதுதான்.

ஐந்தாவது, யார் இயக்கப் போகிறார்கள், எங்கிருந்து பார்க்கப் போகிறார்கள் என்பது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர் பகலில் தாமாகவே இயக்க வேண்டுமா, கோடை விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது அங்கிருந்து பார்க்க வேண்டுமா என்பவை நம் குடும்பங்களுக்கே உரிய கேள்விகள். ஆங்கிலத்தில் வரும் ஒப்பீடுகள் இவற்றைத் தொடுவதே இல்லை.

## கேபிள், சாட்டிலைட் நிறுவனத்தின் பெட்டி

இதன் பெரிய பலம் பழக்கம். ஒரே ரிமோட், சேனல் எண்கள், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு. இணையம் தடைபட்டாலும் சாட்டிலைட் பெட்டி தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டிருக்கும். தொழில்நுட்ப அளவில் பார்த்தாலும் இவற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. டிஷ் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஹாப்பர் 3 பெட்டியில் ஒவ்வொன்றும் ஒரு சேனலைப் பிடிக்கும் 16 ட்யூனர்களும் 2 டெராபைட் வட்டும் உள்ளன. எந்த நேரத்தில் எத்தனை நிகழ்ச்சிகள் மோதினாலும் அதற்குக் கவலையில்லை.

விளம்பரங்களைத் தானாகத் தாண்டும் வசதியை முதலில் துணிந்து பெரிய அளவில் கொடுத்ததும் டிஷ்தான். 2012-இல் ஆட்டோஹாப் என்ற பெயரில் அது வந்ததும் ஒளிபரப்பு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பின்னர் ஒவ்வொன்றாக உடன்பாடு ஏற்பட்டபோது, ஏபிசி நிகழ்ச்சிகளுக்கு ஒளிபரப்பிலிருந்து மூன்று நாளும், சிபிஎஸ், ஃபாக்ஸ் நிகழ்ச்சிகளுக்கு ஏழு நாளும் அந்த வசதி வேலை செய்யாது என்று ஆகிவிட்டது. பதிவு உங்கள் வீட்டு வட்டில் இருந்தாலும், அதை எப்படிப் பார்க்கலாம் என்பதை உங்களோடு தொடர்பில்லாத இரு நிறுவனங்களின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது.

மறைந்திருக்கும் செலவு பில்லின் கீழ்ப்பகுதியில் இருக்கும். பெட்டி வாடகை, பதிவு வசதிக்கான கட்டணம், கூடுதல் அறைக்கான சிறு பெட்டி, உள்ளூர் ஒளிபரப்புக் கட்டணம், வட்டார விளையாட்டுக் கட்டணம் என்று தனித்தனி வரிகள். விளம்பரத்திலும் பில்லிலும் மொத்தத் தொகையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 மார்ச்சில் விதி கொண்டுவந்தது; அந்த மொத்தத்தை மட்டும் பாருங்கள். புதிய வாடிக்கையாளருக்கான சலுகை முடிந்ததும் தொகை எவ்வளவாகும், இடையில் விலகினால் அபராதம் உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இணையமும் கேபிளும் ஒரே கட்டில் வந்து, கேபிளை மட்டும் நீக்கினால் பில் பத்துப் பதினைந்து டாலருக்கு மேல் குறையாது என்ற நிலை சில வீடுகளில் உண்டு. அங்கே இதை விட்டு வெளியேறுவதால் லாபம் அதிகமில்லை. இணைய வேகம் போதாத ஊர்ப்புறங்களில் சாட்டிலைட் பெட்டியே சரியான தேர்வு.

## கிளவுட் பதிவு: யூடியூப் டிவியும் ஹுலுவும்

இந்த வகையில் பெட்டியே கிடையாது. நிகழ்ச்சியின் பெயருக்கு அருகில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால், இனி வரும் எல்லா அத்தியாயங்களும் நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கில் சேரும். யூடியூப் டிவியில் பதிவுக்கு அளவு வரம்பில்லை. ஒவ்வொரு பதிவும் ஒன்பது மாதம் இருக்கும். ஹுலுவின் நேரலைத் தொகுப்பும் 2022 ஏப்ரல் முதல் அதே முறைக்கு வந்துவிட்டது. ஒரே நேரத்தில் எத்தனை நிகழ்ச்சிகள் மோதினாலும் சிக்கலில்லை; ஆட்டம் நீண்டுபோனால் பதிவும் கூடவே நீளும்.

ஒரே ஒளிபரப்பை ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனிப் பதிவு என்று வைத்திருக்கும் இந்த ஏற்பாடு, நீதிமன்றத் தீர்ப்புகள் போட்ட பாதையில் நடக்கிறது. வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவது முறையான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், சோனியின் வீடியோ கேசட் கருவி தொடர்பான வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கேபிள்விஷன் நிறுவனம் பதிவை வீட்டிலிருந்து தன் சர்வருக்கு மாற்றியபோது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் கேட்டு உருவான தனிப்படி இருப்பதால் அது உரிமை மீறல் ஆகாது என்று இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் கூறியது. ஆனால் சின்னஞ்சிறு ஆன்டெனாக்களை வாடகைக்கு விட்டு, ஒளிபரப்பாளரின் அனுமதி பெறாமல் இதையே செய்த ஏரியோ 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே, இன்றைய கிளவுட் சேவைகள் ஒவ்வொரு சேனலோடும் ஒப்பந்தம் போட்டுத்தான் நடக்கின்றன; அந்த ஒப்பந்தம் அறுந்தால் பதிவும் அறுகிறது.

இது வெறும் அச்சம் அல்ல. 2025 அக்டோபர் 30 இரவு டிஸ்னிக்கும் யூடியூப் டிவிக்கும் இடையிலான ஒப்பந்தம் காலாவதியானபோது, ஏபிசியும் ஈஎஸ்பிஎன்னும் நின்றதோடு, அவற்றிலிருந்து சந்தாதாரர்கள் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தவையும் கணக்கிலிருந்து மறைந்தன. நவம்பர் 14 அன்று புதிய உடன்பாடு ஏற்பட்ட பிறகே எல்லாம் திரும்பின. அந்த இரு வாரமும் பணம் கட்டியவருக்கு நிறுவனம் அறிவித்த ஈடு 20 டாலர்.

விலை ஏறிய வேகத்தையும் பார்க்க வேண்டும். யூடியூப் டிவி 2017-இல் 35 டாலருக்குத் தொடங்கியது, 2020-இல் 64.99, 2023-இல் 72.99, 2025 ஜனவரியில் 82.99 டாலர். இன்றைய விலையிலேயே மூன்றாண்டுக்குப் பெருக்கினால் வரிக்கு முன் 2,988 டாலர் ஆகிறது. ஹுலுவின் தொகுப்பு 2025 அக்டோபரில் 89.99 ஆகிவிட்டது. பதிவு வசதி இலவசம் என்று சொல்லப்பட்டாலும், சந்தாவை நிறுத்தினால் அதுவரை சேர்ந்தவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல முடியாது என்பதால், அதற்கான விலையை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே சரி. மாத டேட்டா வரம்பு உள்ள இணைய இணைப்பு என்றால், ஒவ்வொரு முறை பார்ப்பதும் அந்த வரம்பில் கழியும்.

பயணம் செய்வோர் கவனிக்க வேண்டியது: யூடியூப் டிவி அமெரிக்காவுக்கு வெளியே இயங்காது. மயிலாப்பூரில் அமர்ந்து பதிவுகளைப் பார்க்கலாம் என்று எண்ணிச் செல்பவர் ஏமாறுவார். அதே சமயம், சந்தாவை நான்கு வாரம் முதல் ஆறு மாதம் வரை இடைநிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. ஊருக்குப் போகும் இரண்டு மாதத்துக்குப் பணம் மிச்சமாகும், ஆனால் அந்த நாள்களில் புதிதாக எதுவும் பதிவாகாது, பழைய பதிவுகளின் ஒன்பது மாதக் கடிகாரமும் நிற்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், கேபிள் சேனல்களும் விளையாட்டும் வேண்டும், வீட்டில் மூன்று டிவி, யாருக்கும் கம்பி இழுக்கப் பொறுமையில்லை என்ற குடும்பத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதும் எளிது.

## ஆன்டெனாவும் டேப்லோவும்

டேப்லோ ஒரு சிறு பெட்டி. ஒரு புறம் ஆன்டெனாக் கம்பி, மறுபுறம் வீட்டு வைஃபை அல்லது ஈதர்நெட். டிவியில் நேரடியாக மாட்டும் வழி 2023-இல் வந்த நான்காம் தலைமுறைப் பெட்டியில் இல்லை. ரோகு, ஃபயர் டிவி போன்ற டிவி ஸ்ட்ரீமிங் கருவிகளில் உள்ள டேப்லோ செயலி வழியாகத்தான் படம் வரும். அறிமுக விலை இரண்டு ட்யூனருக்கு 99.95 டாலர், சந்தா எதுவும் இல்லை. உள்ளே 128 ஜிபி, நிறுவனக் கணக்கில் சுமார் 50 மணி நேரம். அதற்கு மேல் வேண்டுமானால் 8 டெராபைட் வரையிலான யுஎஸ்பி வட்டைச் செருகிக்கொள்ளலாம். பெட்டி, ஆன்டெனா, ஒரு வட்டு என்று எல்லாம் சேர்ந்தாலும் 220 டாலர் அளவில் முடிந்துவிடும். மூன்றாண்டுச் செலவும் அதுவே. யூடியூப் டிவியின் மூன்று மாதச் சந்தா அதைவிட அதிகம்.

பணத்தில் மிச்சமாவது ஆன்டெனா வைக்கும் உழைப்பில் கழியும். எடிசன் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்று வடகிழக்கே, மற்றது தென்மேற்கே. நியூயார்க்கின் ஏபிசி நிலையம் உண்மையிலேயே 7-ஆம் அலைவரிசையிலும், பிலடெல்பியாவின் ஏபிசி 6-ஆம் அலைவரிசையிலும் ஒளிபரப்புகின்றன. இவை விஎச்எஃப் எனும் நீள அலைகள். கடையில் இருபது டாலருக்குக் கிடைக்கும், சன்னலில் ஒட்டும் தாள் போன்ற ஆன்டெனாக்கள் யுஎச்எஃப் எனும் குறுகிய அலைகளை நன்றாகப் பிடித்தாலும் இவற்றில் தடுமாறும். மற்ற நாற்பது சேனலும் பளிச்சென்று வந்து, ஏபிசி மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறதே என்று டேப்லோவைக் குறை சொல்பவர்கள், உண்மையில் மாற்ற வேண்டியது ஆன்டெனாவை. எஃப்சிசி தளத்தில் உள்ள ஒளிபரப்பு வரைபடத்தில் உங்கள் முகவரியை இட்டால், எந்த நிலையம் எந்தத் திசையில், எந்த அலையில் வருகிறது என்று காட்டும்; அதைப் பார்த்துவிட்டு, விஎச்எஃப் கைகள் உள்ள ஆன்டெனாவை மாடியறைக் கூரைக்கடியில் வையுங்கள்.

வீட்டுரிமையாளர் சங்கம் ஆன்டெனாவைத் தடுக்கிறது என்று பலர் தயங்குகிறார்கள். 1996 முதல் நடைமுறையில் உள்ள எஃப்சிசி விதி, உங்களுக்கு மட்டுமே உரிய பால்கனியிலோ உங்கள் வீட்டுக் கூரையிலோ டிவி ஆன்டெனா வைப்பதைச் சங்கமோ வீட்டு உரிமையாளரோ நியாயமின்றித் தடுக்கக் கூடாது என்கிறது. அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் பொதுவான கூரைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

குறைகளுக்கு வருவோம். இரண்டு ட்யூனர் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு சேனல், நேரலையாகப் பார்ப்பதும் அதில் அடக்கம். ஞாயிறு மாலைகளில் இது உறைக்கும்: ஃபாக்ஸில் ஓர் ஆட்டம், சிபிஎஸ்ஸில் வேறோர் ஆட்டம், பிபிஎஸ்ஸில் அம்மா விரும்பும் நாடகம். நான்கு ட்யூனர் மாதிரியே வாங்கிவிடுங்கள் என்பது என் பரிந்துரை. அதே ஞாயிறில் இன்னொரு தொல்லை, சிபிஎஸ்ஸில் கால்பந்து நீண்டால் அதன் பின் வரும் "60 மினிட்ஸ்" அரைமணி தள்ளித் தொடங்கும். அட்டவணை நேரப்படி பதியும் பெட்டி ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பிடித்து, நிகழ்ச்சியின் பின்பாதியை விட்டுவிடும். அந்த நிகழ்ச்சிக்குப் பின் வருவதையும் சேர்த்துப் பதிந்துவிட்டால் தப்பலாம். விளம்பரத்தைத் தானாகத் தாண்டும் வசதி இதில் இல்லை. சிறு படங்களைப் பார்த்தபடி ஓட்டித் தாண்டலாம். வீட்டுக்கு வெளியே பார்க்க முடியாது, பதிவை வேறு கணினிக்கு நகலெடுக்கவும் வழி தரப்படவில்லை. அதாவது வட்டு உங்களுடையது, சாவியில் பாதிதான் உங்களுடையது.

## எச்டிஹோம்ரன், சொந்தக் கணினி

சிலிகான்டஸ்ட் நிறுவனத்தின் எச்டிஹோம்ரன், ஆன்டெனாவில் வருவதை வீட்டு நெட்வொர்க்கில் விநியோகிக்கும் ட்யூனர் மட்டுமே. பதிவதும், அட்டவணை காட்டுவதும், டிவியில் ஓட்டுவதும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளின் வேலை. பிளெக்ஸில் பதிவு வசதிக்குப் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா தேவை. வாழ்நாள் சந்தா 2025 ஏப்ரல் 29 அன்று 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக ஒரே தாவாகத் தாவியது. சேனல்ஸ் மாதம் 8 அல்லது ஆண்டுக்கு 80 டாலர். ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் இலவசம், அதற்குரிய பொறுமை உள்ளவர்களுக்கு. பிளெக்ஸும் சேனல்ஸும் விளம்பரப் பகுதிகளைக் கண்டுபிடித்துத் தாண்ட உதவுகின்றன. சேனல்ஸ் இதில் மேல்.

இந்த வழியில் மட்டுமே பதிவு ஒரு சாதாரணக் கோப்பாக உங்கள் வட்டில் அமர்கிறது. பென் டிரைவில் நகலெடுக்கலாம், ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு அனுப்பலாம், பத்தாண்டு கழித்து வேறு மென்பொருளில் ஓட்டலாம். மேலே சொன்ன ஸ்பெல்லிங் பீ காட்சி இப்படிப் பதிவாகியிருந்தால் இன்றும் இருந்திருக்கும். வீட்டு இணையத்தின் பதிவேற்ற (அப்லோட்) வேகம் போதுமானால் சென்னையிலிருந்தும் பார்க்கலாம். பல கேபிள் இணைப்புகளில் இறக்கம் தாராளமாகவும் ஏற்றம் மிகக் குறைவாகவும் இருப்பதால், பயணத்துக்கு முன் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இடம் அதிகம் தேவை. ஓர் ஒளிபரப்பு அலைவரிசையின் உச்ச வேகம் நொடிக்கு 19.39 மெகாபிட், மணிக்கு ஏறத்தாழ 8.7 ஜிபி. ஒரே அலைவரிசையைத் துணைச் சேனல்கள் பங்கிட்டுக்கொள்வதால் நடைமுறையில் இதைவிடக் குறையும் என்றாலும், ஒரு டெராபைட்டுக்கு 115 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. இதோடு, இரவு பகலாக ஓடும் கணினிக்கான மின்சாரம், வட்டு பழுதானால் மாற்றும் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் நேரம். வெள்ளி இரவில் பதிவு நின்றுபோனால் அழைத்துக் கேட்க வாடிக்கையாளர் சேவை கிடையாது; வீட்டின் வாடிக்கையாளர் சேவை நீங்கள்தான். கணினி ஏற்கெனவே இருந்தால், மற்றவை சேர்த்து மூன்றாண்டுக்கு 500 டாலர் அளவில் ஆகும்.

இன்னொரு மேகம் ஆன்டெனா வழிகள் இரண்டின் மீதும் நிற்கிறது. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் பல நிலையங்கள் தங்கள் அலையைப் பூட்டிட்டு அனுப்புகின்றன. அந்தச் சேனல்களை எச்டிஹோம்ரனின் புதிய மாதிரியாலும் திறக்க முடிவதில்லை. இப்போதைய பழைய முறை தொடர்வதால் இன்று பாதிப்பு இல்லை. ஆனால் பெரிய 55 நகரச் சந்தைகளில் 2028 பிப்ரவரியில் பழைய முறையை நிறுத்த உத்தரவிடுமாறு ஒளிபரப்பாளர் சங்கம் 2025-இல் எஃப்சிசியிடம் கேட்டிருக்கிறது. ஆகவே ஆன்டெனா வழியில் ஆயிரம் டாலர் முதலீடு இப்போது வேண்டாம். இருநூறு முன்னூறு டாலர் மூன்றாண்டில் பலமுறை தன்னை மீட்டுக்கொள்ளும்.

## பழைய டிவோ

வீட்டில் இருந்தால் ஓடும் வரை ஓட்டுங்கள். புதிதாகப் பழைய பெட்டி வாங்க வேண்டாம். வாழ்நாள் சேவை என்பது அந்தப் பெட்டியின் வாழ்நாளே தவிர உங்களுடையது அல்ல. பெட்டி போனால் சேவையும் போயிற்று. கேபிள் சேனல்களைத் திறக்கும் கேபிள்கார்டு அட்டை வேண்டும் மாதிரிகளை அறவே தவிர்க்கலாம், ஏனெனில் அந்த அட்டைகளைத் தர வேண்டும் என்று கேபிள் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திய விதியை 2020-இலேயே எஃப்சிசி நீக்கிவிட்டது.

## ஒரு பார்வையில்

| | நிறுவனப் பெட்டி | கிளவுட் | டேப்லோ | எச்டிஹோம்ரன் |
|---|---|---|---|---|
| பதிவு இருக்கும் இடம் | வாடகைப் பெட்டி அல்லது நிறுவன சர்வர் | நிறுவன சர்வர் | உங்கள் வட்டு, நகலெடுக்க வழியில்லை | உங்கள் வட்டு, சாதாரணக் கோப்பு |
| கேபிள் சேனல்கள் | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| மூன்றாண்டுச் செலவு | பில்லின் மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள் | சுமார் 3,000 டாலர் | சுமார் 220 டாலர் | சுமார் 500 டாலர், கணினி நீங்கலாக |
| விளம்பரம் | ஓட்டித் தாண்டலாம். டிஷ்ஷில் தானாக, நிபந்தனைகளோடு | ஓட்டித் தாண்டலாம் | ஓட்டித் தாண்டலாம் | மென்பொருள் தாண்டிவிடும் |
| இந்தியாவிலிருந்து | நிறுவனத்தைப் பொறுத்தது | யூடியூப் டிவியில் முடியாது | முடியாது | முடியும், ஏற்ற வேகம் இருந்தால் |
| பெற்றோருக்கு | மிக எளிது | எளிது | எளிது | அமைத்துத் தந்தால் எளிது |

## யாருக்கு எது

வீட்டில் பார்ப்பது உள்ளூர்ச் செய்தி, பிபிஎஸ், கால்பந்து, ஓரிரு தொடர் என்றால் டேப்லோவில் யோசிக்க ஒன்றுமில்லை. ஈஎஸ்பிஎன் இல்லாமல் முடியாது என்றால் கிளவுட்; அதிலும் கால்பந்துப் பருவத்துக்கு மட்டும் எடுத்து, மற்ற மாதங்களில் இடைநிறுத்தலாம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் தவறில்லை: ஆன்டெனாவும் டேப்லோவும் ஆண்டு முழுக்க, யூடியூப் டிவி நான்கு மாதம். அப்படிச் செய்தால் ஒப்பந்தச் சண்டையில் ஏபிசி மறைந்தாலும் கூரையிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

கோப்பாகக் கையில் வேண்டும் என்பவருக்கும், ஏற்கெனவே வீட்டில் புகைப்படங்களுக்காகச் சேமிப்புக் கணினி ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கும் எச்டிஹோம்ரன். அப்படி யாரும் வீட்டில் இல்லையென்றால், நண்பர் அமைத்துத் தருகிறார் என்பதற்காக இதில் இறங்காதீர்கள். நண்பர் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போவார்.

தமிழ்த் தொடர்களுக்காகப் பதிவு வசதி தேடுவது வீண்செலவு என்பது என் கருத்து. தமிழ்ச் சேனல்கள் ஆன்டெனாவில் வருவதில்லை. ஸ்லிங் போன்ற சேவைகளின் தமிழ்த் தொகுப்பிலோ சேனல்களின் சொந்தச் செயலியிலோதான் வருகின்றன, ஒளிபரப்பான அத்தியாயங்களும் பெரும்பாலும் அந்தச் செயலிகளிலேயே கிடைக்கின்றன. அந்தத் தேவையை இந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டால் முடிவு பாதி எளிதாகிவிடும்.

மாறுவதற்கு முன், கேபிள் இருக்கும்போதே ஆன்டெனாவை வாங்கி, டிவியில் நேரடியாக இணைத்து, ஒரு வாரம் காலையும் இரவும் மழையிலும் பாருங்கள். வேண்டிய சேனல் உடைந்தால் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் வேறு மாதிரி மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு பதிவுப் பெட்டி. பழைய கேபிள் பெட்டியில் பாக்கி இருக்கும் பதிவுகளை அந்த நாள்களிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். பெட்டியை ஒப்படைக்கும்போது வரிசை எண் குறித்த ரசீதை வாங்கி, கடைசி பில் தீரும் வரை வைத்திருங்கள். திரும்பி வரவில்லை என்று பெட்டியின் விலையைப் பில்லில் ஏற்றினால் அந்தத் தாள்தான் பேசும்.